பவுலின் டீச்சரும் கார்பைடு டிரம்மும்

பவுலின் டீச்சருக்குக் கோபம் வரும் என்பது எங்கள் பள்ளியில் எல்லாருக்கும் தெரியும். லேபில் கோட் போடாமல் நிற்கும் பிள்ளையைப் பார்த்தால் வரும். ஆசிட் பாட்டிலைத் திறந்தபடி வைத்துவிட்டுப் போனால் வரும். பக்கத்து வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும் எனக்கே அந்தக் குரல் கேட்கும். ஆனால் அது மணி அடிப்பதற்குள் இறங்கிவிடுகிற கோபம். மதியம் அதே பிள்ளைக்குத் தன் டப்பாவிலிருந்து மீன் துண்டு எடுத்துக் கொடுப்பார். போன வருஷம் வந்த கோபம் அந்த வகை இல்லை. அது இன்னும் இறங்கவில்லை.

டீச்சர் விவேக் நகரில் பிறந்து வளர்ந்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. அம்மா சீக்கிரம் போய்விட்டதால் தம்பி பெர்னார்டைப் படிக்க வைத்தவரும், படிப்பு ஏறவில்லை என்றதும் ஐ.டி.ஐ.யில் வெல்டிங் டிரேடில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். பெர்னார்ட் பீன்யாவில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு அடுகோடியில் சொந்தமாகப் பட்டறை போட்டான். ரேடியேட்டர், சைலன்சர், டெம்போ பாடி என்று வேலைக்குக் குறைவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அக்கா வீட்டில்தான் சாப்பாடு. பெர்னார்ட் கடையைப் பற்றிப் பேசும்போது டீச்சர் முகத்தில் ஒரு பெருமை இருக்கும். அதை மறைக்கவும் மாட்டார்.

பட்டறையில் பெர்னார்டுக்குக் கீழே இரண்டு பேர் வேலை செய்தார்கள். அதில் கை தேர்ந்தவர் உத்தமன். போளூர்ப் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். மெல்லிய தகரத்தை ஓட்டை விழாமல் ஒட்ட அந்தத் தெருவில் அவரைத்தான் தேடுவார்கள். அந்த வேலைக்கு கரண்ட் வெல்டிங் ஆகாது, கேஸ்தான் வேண்டும்.

கேஸ் வெல்டிங்குக்கு இரண்டு வாயு சேர வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரில் வந்துவிடும். இன்னொன்று அசிட்டிலீன். பெரிய கம்பெனிகளில் அதுவும் சிலிண்டரில்தான். ஆனால் அடுகோடிச் சந்துகளில் இன்னும் சில கடைகளில் கார்பைடு டிரம் இருக்கிறது. சாம்பல் நிறக் கார்பைடு கல்லைத் தண்ணீரில் போட்டால் பூண்டு நாற்றத்தோடு அந்த வாயு கிளம்பும். டிரம்மில் அதைச் சேர்த்து ரப்பர் குழாயில் விட்டால் தீர்ந்தது. சிலிண்டரை விட மலிவு, சொல்லி வைத்துக் காத்திருக்கவும் வேண்டாம்.

ஆபத்து எங்கே என்றால், டார்ச்சின் மூக்கு அடைத்துக்கொள்ளும்போது. அழுத்தம் கூடிய ஆக்சிஜன் அசிட்டிலீன் குழாய்க்குள் பின்னோக்கி ஏறிவிடும். அதன் கூடவே தீயும் போகும். தீ டிரம்மைத் தொட்டுவிட்டால் அப்புறம் செய்ய ஒன்றுமில்லை. அதனால்தான் டிரம்முக்கும் குழாய்க்கும் நடுவே தண்ணீர் ஊற்றிய ஒரு சின்ன இரும்பு உருளையை மாட்டுவார்கள். வாயு அந்தத் தண்ணீரில் குமிழ் விட்டுத்தான் வெளியே வரும். திரும்பி வரும் தீ அதே தண்ணீரில் அணைந்துபோகும். பட்டறையில் அதற்கு வாட்டர் சீல் என்று பெயர்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, லேபில் உடைந்துபோன இரும்பு ஸ்டாண்டுகளை எடுத்துக்கொண்டு டீச்சர் பட்டறைக்குப் போனார். வாட்டர் சீல் சுவரோரமாகக் கழற்றிக் கிடந்தது. அடியில் விரிசல். குழாய் நேராக டிரம்மில் மாட்டியிருந்தது. இது ஏன் கீழே கிடக்கிறது என்று டீச்சர் கேட்டார். ஒழுகுகிறது, திங்கட்கிழமை சரி பண்ணிவிடுவேன் என்றான் பெர்னார்ட். உத்தமன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "நானும் அண்ணன்கிட்ட சொல்லிட்டேன் மேடம்" என்று மட்டும் சொன்னார். டீச்சருக்கு அன்று ஒரு கல்யாண வரவேற்பு இருந்தது. ஸ்டாண்டுகளைக் கொடுத்துவிட்டு ஆட்டோ ஏறிவிட்டார்.

திங்கட்கிழமை சரி பண்ணவில்லை. புதன்கிழமை ஒரு பள்ளி வேன் அவசரமாக வந்தது. உத்தமன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே டிரம் வெடித்தது. தகரக் கூரை எதிர்க் கடை மேல் போய் விழுந்தது. உத்தமனுக்கு வலது கையில் மூன்று விரல்களும் வலது கண்ணும் போயின. இன்னொரு ஆள் டீ வாங்கப் போயிருந்ததால் தப்பித்தான். பெர்னார்ட் பேங்கில் இருந்தான்.

அன்று மாலையே டீச்சர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார். உத்தமனின் மனைவி ஜெயலட்சுமி ஊரிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. மறுநாள் மறுபடியும் போனபோது அவள் வராந்தாவில் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். அழுது முடித்திருந்த முகம். டீச்சர் யார் என்று தெரிந்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"டிரம்முகிட்ட பீடி பத்த வெச்சாருன்னு போலீஸ்ல எழுதியிருக்காங்க. அவரு பீடி குடிக்க மாட்டாரு மேடம். யாரு அப்படிச் சொன்னது?"

யார் சொன்னது என்று டீச்சருக்குக் கேட்காமலே தெரிந்துவிட்டது. எனக்கு இதை அவர் பல தடவை சொல்லியிருக்கிறார். அந்த இடத்தில் தன் காது மடல் சூடானதையும், சுற்றிலும் இருந்தவர்கள் பேசியது ஒன்றும் விளங்காமல் போனதையும் ஒவ்வொரு தடவையும் விடாமல் சொல்வார்.

அங்கிருந்து நேராகப் பட்டறைக்குப் போனார். பெர்னார்ட் நொறுங்கிய தகரங்களை அள்ளிக்கொண்டிருந்தான். வாட்டர் சீல் எங்கே என்பதுதான் டீச்சரின் முதல் கேள்வி. பழைய இரும்பெல்லாம் குஜரிக் கடையில் எடைக்குப் போட்டாயிற்று என்றான் அவன். அதையுமா என்றார். அதையும்தான் என்றான். டீச்சர் அவன் எதிரே போய் நின்றார்.

"பீடின்னு ஏன்டா சொன்ன?"

"வேற என்ன சொல்லச் சொல்ற? என் பேர்ல கேஸ் வந்தா கடைய மூடணும். ரெண்டு பசங்க இருக்காங்க."

"அவனுக்கும் பசங்க இருக்காங்க."

"ஆஸ்பத்திரி செலவு நான்தான் பார்க்கிறேன் அக்கா. நான் ஓடிப் போயிடல. இந்த டிரம் நான் கண்டுபிடிச்சதா? எல்லாக் கடையிலயும் இருக்கு. ஆரம்பத்துலேர்ந்து இப்படித்தான் நடக்குது. ஒண்ணு ரெண்டு வெடிக்கும். வெல்டிங்னா அப்படித்தான்."

டீச்சர் ஓங்கி அறைந்தார். பெர்னார்டுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. எதிரே பஞ்சர் கடை முனிகிருஷ்ணன் பார்த்துக்கொண்டிருந்தான். டீச்சர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

ஆரம்பத்துலேர்ந்து என்ற அந்த ஒரு சொல்தான் அவரைத் தூங்கவிடாமல் செய்தது. இருபத்தைந்து வருஷமாக அவரே கார்பைடு பாடம் நடத்துகிறார். கல்லும் தண்ணீரும் சேர்ந்தால் அசிட்டிலீன், பயன் வெல்டிங் என்று ஒரு வரி. ஒரு துண்டுக் கல்லைக் கண்ணாடிக் குடுவையில் போட்டு, நுனியில் தீ வைத்துக் காட்டுவார். பிள்ளைகள் கை தட்டுவார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்ன நடந்தது என்று அவர் தேடியதே இல்லை. இப்போது தேடினார். பள்ளி முடிந்ததும் லேபில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பழைய புத்தகங்களைத் திறந்து படித்தார். படிக்கப் படிக்க அவருக்குக் கோபம்தான் கூடியது. ஸ்டாஃப் ரூமில் எங்களிடம் வந்து கொட்டுவார்.

இரும்பைப் பழுக்கக் காய்ச்சி அடித்து ஒட்டும் வித்தை ஆயிரக்கணக்கான வருஷமாக இருக்கிறது, அதில் யாருடைய கண்ணும் இப்படிப் போகவில்லை என்பார். கார்பைடு வந்தது ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறுகளில். அமெரிக்காவில் ஒருவர் மின்சார உலையில் வேறொரு உலோகம் எடுக்கப் பார்த்து, வேண்டாத ஒரு சாம்பல் கட்டி வர, அதைத் தண்ணீரில் போட்டபோது வாயு கிளம்பியிருக்கிறது. முதலில் அதை விளக்குக்குத்தான் வைத்தார்கள். வீட்டுக்கு வீடு டிரம் வைத்து அந்த வாயுவில் விளக்கெரித்தார்கள். வெடித்தது. வீடுகள் போயின, ஆட்கள் செத்தார்கள். ஆக்சிஜனோடு சேர்த்து எரித்தால் இரும்பையே உருக்கும் சூடு வரும் என்று பிரான்சில் கண்டார்கள். அதற்கும் கொஞ்ச வருஷம் கழித்து டார்ச் வந்தது. அந்த வாயுவை அழுத்தி அடைத்தால் தீயே இல்லாமல் தானாக வெடிக்கும் என்று அவர்கள் கண்டுபிடித்தது செத்தவர்களை எண்ணித்தான். அப்புறம்தான் இவ்வளவு அழுத்தத்துக்கு மேல் கூடாது என்று சட்டம் போட்டார்கள். வேறொரு திரவத்தில் கரைத்துச் சிலிண்டரில் பத்திரமாக அடைக்க வழி கண்டார்கள். டிரம் வைத்திருப்பவனுக்கு நடுவே தண்ணீர்த் தடுப்பு கட்டாயம் என்றார்கள்.

"நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு," என்றார் டீச்சர், கையிலிருந்த டஸ்டரை மேஜையில் அடித்து. "செத்து செத்துக் கத்துக்கிட்டாங்க. கத்துக்கிட்டதை என் தம்பி கழட்டிச் சுவரோரமா வெச்சான். ஆரம்பத்துலேர்ந்து இப்படித்தானாம். ஆரம்பத்துல அவங்களுக்குத் தெரியாது. இவனுக்குத் தெரியும்."

அந்த மாதத்து அன்பியக் கூட்டம் டீச்சரின் சித்தி வீட்டில் நடந்தது. தெருவில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஒவ்வொரு வீடாகக் கூடிச் செபிக்கும் கூட்டம். பெர்னார்டும் மனைவியோடு வந்திருந்தான். செபமாலை முடிந்து விண்ணப்பங்கள் சொல்லும்போது சித்தி, இந்தச் சோதனைக் காலத்தில் பெர்னார்டின் தொழிலையும் குடும்பத்தையும் ஆண்டவர் காக்க வேண்டும் என்று மன்றாடினார். எல்லாரும், எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று பதில் சொன்னார்கள். டீச்சர் மட்டும் சொல்லவில்லை. எழுந்து நின்றார்.

"கண்ணு போனவன் பேரு உத்தமன். அந்தப் பேரை யாராவது சொல்லுங்க, நானும் பதில் சொல்றேன்."

பெர்னார்டின் மனைவி அழத் தொடங்கினாள். அந்தப் பையன் இந்துப் பையன்தானே, நம்ம கோவில்ல இல்லையே என்று யாரோ முணுமுணுத்தார்கள். டீச்சர் அந்தத் திசையில் திரும்பி, அப்படியானால் வீட்டுக்குப் போய், அடிபட்டுக் கிடந்த வேற்று இனத்தானைக் காப்பாற்றிய நல்ல சமாரியன் கதையை பைபிளில் ஒரு தடவை வாசியுங்கள் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். அதோடு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நின்றது. உறவுக்காரர்கள் தெருவில் பார்த்தால் எதிர்ப் பக்கம் போய்விடுவார்கள். கூடப் பிறந்தவனையே காட்டிக் கொடுப்பவள் என்று காதுபடப் பேசினார்கள். சொல்லிக்கொள்ளட்டும் என்றார் அவர். ஆனால் அந்த வாரம் முழுக்க மதியம் டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனார்.

போலீஸ், லேபர் ஆபீஸ் இரண்டிலும் சாட்சி சொல்வது என்று முடிவெடுத்தபின், முதலில் ஜெயலட்சுமியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். வாட்டர் சீல் கழற்றிக் கிடந்ததைத் தானே பார்த்ததாகவும், அதை எந்த ஆபீஸில் வேண்டுமானாலும் சொல்லத் தயார் என்றும் சொன்னார். ஜெயலட்சுமி நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தாரா என்பது எனக்குத் தெரியாது. அவள் கையிலிருந்த கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"பார்த்தீங்களா? என்னைக்கு?"

சனிக்கிழமை என்றார் டீச்சர்.

"நீங்க கெமிஸ்ட்ரி டீச்சர். அது என்னன்னு உங்களுக்குத் தெரியும். பார்த்துட்டு ஆட்டோ ஏறிப் போனீங்க. புதன்கிழமை வரைக்கும் ஒரு போன் பண்ணல." அவள் குரலை உயர்த்தவில்லை. "உங்க தம்பி மேல இருக்கிற கோவம் எனக்கு உங்க மேலயும் இருக்கு மேடம். சாட்சி சொல்லுங்க. ஆனா எங்களுக்காகச் சொல்றதா நினைச்சுக்காதீங்க."

அவள் சொன்னது சரி என்றுதான் டீச்சர் என்னிடம் சொன்னார். எங்கள் பள்ளியில் அவரை எதிர்த்துப் பேசியவர்கள் யாரும் ஜெயித்ததில்லை. அன்று ஒருத்தி ஜெயித்துவிட்டாள்.

முனிகிருஷ்ணனையும் சாட்சிக்குக் கூப்பிட்டுப் பார்த்தார். கழற்றிய சீல் சுவரோரம் கிடந்ததை அவனும்தான் தினமும் பார்த்தான். "சும்னே எதுக்கு டீச்சர் கலாட்டா, நாளைக்கும் அதே ரோட்ல நான் கடை வெக்கணும்" என்றான் பாதிக் கன்னடத்தில். டீச்சர் அவனைத் திட்டிய திட்டில் பஞ்சருக்கு வந்திருந்த ஆள் டியூபை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டான். முனிகிருஷ்ணன் அசையவில்லை.

லேபர் ஆபீஸில் விசாரித்தது ஒரு பெண் அதிகாரி, கன்னடக்காரர். தலைவலியோடு வந்திருந்தார் போல, நெற்றியை அழுத்திக்கொண்டே கேட்டார். ஆனால் எதையும் விடாமல் எழுதினார். பார்த்ததை மட்டும் சொல்லும்படி டீச்சரிடம் சொன்னார். டீச்சர் கன்னடத்தில் ஆரம்பித்துக் கார்பைடின் பழைய கதைகளுக்குள் போகப் பார்த்தபோது அவர் கை காட்டி நிறுத்தினார். அதெல்லாம் எனக்கும் தெரியும் மேடம், நீங்கள் சனிக்கிழமை கண்ணால் பார்த்தது என்ன, உங்கள் தம்பி சொன்னது என்ன, அது போதும் என்றார். டீச்சர் சொன்னார். தம்பி எதிர் பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு உத்தமனிடம் கேட்டார்கள். கண்ணில் கட்டு, கையில் கட்டு. தகரக் கூரை போன நாளைப் பற்றி ரொம்பச் சுருக்கமாகச் சொன்னார். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அதிகாரி கேட்டார். உத்தமன் பெர்னார்டைப் பார்த்தே சொன்னார்.

"கண்ணு போனதுக்கு நான் என்ன பண்ண முடியும்ணா. அந்த வேலையில அப்படி ஆகும்னு தெரிஞ்சுதான் டார்ச் புடிச்சேன். பத்து வருஷம் உங்க கடையில நின்னேன். குடிச்சுட்டு ஒருநாள் வந்திருக்கேனா? பீடி பத்த வெச்சு நானே என்னைக் கொளுத்திக்கிட்டேன்னு என் பொண்ணு படிக்கிற ஸ்கூல் வரைக்கும் பேச்சுப் போயிருச்சு. அதை நீங்க செஞ்சிருக்கக் கூடாது."

பெர்னார்ட் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். கடைசியில் அவனே சொன்னான்: சீல் கழற்றியிருந்தது உண்மை, உத்தமன் இரண்டு தடவை சொன்னதும் உண்மை, பீடி என்று சொன்னது தான்தான். வெளியே வந்ததும் உத்தமன் காலில் விழப் போனான். உத்தமன் ஒதுங்கிக்கொண்டார். டீச்சர் இதையெல்லாம் சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். தம்பி அழுததைப் பார்த்துத் தன் மனம் இளகும் என்று நினைத்தாராம். இளகவில்லை. உண்மையைச் சொல்ல இத்தனை நாள் எடுத்துக்கொண்டானே என்று இன்னும் எரிச்சல்தான் வந்ததாம்.

நஷ்ட ஈடு கொடுக்க உத்தரவானது. பட்டறையை விற்றுத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. பெர்னார்ட் குடும்பத்தோடு ஓசூருக்குப் போய், அங்கே ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேர்ந்திருக்கிறான். போலீஸ் கேஸ் தனியாக நடக்கிறது. அக்காவோடு பேச்சு இல்லை. கிறிஸ்துமஸுக்கு அவன் பெரிய பையன் மட்டும் யாருக்கும் தெரியாமல் போன் பண்ணினான். டீச்சர் நன்றாகப் பேசினார். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. உத்தமன் பீன்யாவில் ஒரு ஃபேக்டரியில் டூல் ரூமில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறார். ஜெயலட்சுமியும் பக்கத்திலேயே ஒரு கார்மெண்ட்ஸ் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போகிறாள். அவள் டீச்சரோடு இன்றுவரை சிரித்துப் பேசியதில்லை.

டீச்சர் இப்போது சனிக்கிழமைகளில் அடுகோடிச் சந்துகளில் சுற்றுகிறார். கார்பைடு டிரம் இருக்கும் கடைக்கு முன்னால் போய் நிற்பார். உள்ளே போய் சீல் இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பார். சில கடைக்காரர்கள் சிலிண்டருக்கு மாறிவிட்டார்கள், அவருக்காக இல்லை, ஆபீஸர் வந்து நோட்டீஸ் கொடுத்ததால். சிலர் அவர் தலையைப் பார்த்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார்கள்.

போன மாதம் ஒரு தடவை நானும் கூடப் போயிருந்தேன். ஒரு கடையில் சீல் இருந்தது, உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வேலை ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் டார்ச்சை அணைக்கச் சொன்னார். முதலாளி, நீங்க யாரு கேக்கிறதுக்கு, போங்கம்மா என்றான். டீச்சர் போகவில்லை. வெல்டர் கையை எட்டிப் பிடித்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். அவர் தெருவின் நடுவில் போய் நின்று, இந்தக் கடை வெடிக்கப் போகிறது, யாரும் பக்கத்தில் வராதீர்கள் என்று கன்னடத்திலும் தமிழிலும் கத்தினார். ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன. ஜனம் கூடியது. முதலாளி வெளியே வந்து அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். அவரும் விடவில்லை, டீச்சர் வாயில் வரும் என்று நான் நினைத்தே பார்க்காத வார்த்தைகள். கடைசியில் அந்த வெல்டர்தான் டார்ச்சை அணைத்து வைத்துவிட்டு, ஒரு பக்கெட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான். முதலாளி பார்த்துக்கொண்டே நின்றான்.

சீலில் தண்ணீர் அளவுக் கோடு வரைக்கும் நிரம்புவதைப் பார்த்த பிறகுதான் டீச்சர் அந்த இடத்தை விட்டு வந்தார். முகம் சிவந்திருந்தது. ஒரு காபி குடித்துவிட்டுப் போகலாம் என்றேன். வேண்டாம், அடுத்த சந்தில் இன்னும் இரண்டு கடை பாக்கி இருக்கிறது என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.